களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு மருந்துக்கடையைப் பொறுப்பெடுக்கலாமா?

மகிழூர்ப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருந்தகவியல் படித்தவள். மருத்துவ சபைப் பதிவும் கையில் இருக்கிறது. இப்போது மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் பாமசியில் சம்பளத்துக்கு நிற்கிறேன்.

களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட மாமாவுக்கு ஒரு மருந்துக்கடை. நெடுங்காலமாக நடக்கிற கடை. மாமாவுக்கு வயது போய்விட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். "நீ எடுத்து நடத்து, இல்லையென்றால் மூடப் போகிறேன்" என்கிறார். சும்மா தரவில்லை. ஸ்டொக்குக்கும் தளபாடத்துக்கும் தவணையாகக் காசு கேட்கிறார். கடனுக்கு மருந்து எடுத்தவர்கள் தரவேண்டியதாகக் கொப்பியில் உள்ளதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

எனக்கு விளங்காதது இதுதான். கடையில் எப்போதும் சனம் நிற்கிறது. பட்டிருப்புப் பாலம் கடந்து வருகிறவர்கள், மண்டூரிலிருந்து ஓடத்தில் குருமண்வெளிக்கு வந்து அங்கிருந்து வருகிறவர்கள், கிளினிக் முடிந்து வருகிறவர்கள் என்று ஆள் ஓய்வதில்லை. ஆனால் மாதக் கடைசியில் மருந்துக் கொம்பனிகளுக்குக் கொடுத்த செக்குக்குக் காசு தேடி மாமா ஓடுகிறார். விற்பனை இருந்தும் காசு எங்கே போகிறது? இந்தத் தொழிலில் இருக்கிற அண்ணாமார், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்கள்.

---

ஆரைம்பதியான்

காசு எங்கே போகிறதா? மருந்துக்கடைக்காரன் நட்டப்பட்டு நான் கண்டதில்லை தங்கச்சி. அப்பாவுக்குப் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றும். வைத்தியசாலையில் கிடைக்காததை வெளியில் வாங்கினால் என் சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடும். பில் கேட்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். 2022இல் பழைய ஸ்டொக்கையே புது விலைக்கு விற்றதை எல்லோரும் பார்த்தோம். இப்போது கடைக்காரருக்குக் கஷ்டம் என்று கேட்க, மன்னிக்க வேண்டும், சிரிப்பு வருகிறது.

---

பழைய ரெப்

மருந்துக் கொம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக (ரெப்) அம்பாறை, மட்டக்களப்பு இரண்டு மாவட்டத்திலும் பல காலம் அலைந்தவன். ஆரைம்பதித் தம்பி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், அதில் பாதி உண்மை.

2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். அதுவரை டொலர் 200 சொச்சத்தில் நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நமது மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி, அதிலும் இந்தியாவிலிருந்து வருவதுதான் கூட. மார்ச்சில் 29 வீதம் விலை கூட்ட அனுமதி வந்தது. ஏப்ரல் கடைசியில் 60 வகை மருந்துக்கு 40 வீதம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த மருந்தென்றால் 100 ரூபாய் 180 ஆகிவிடும். அந்த வாரம் ராக்கையில் பழைய ஸ்டொக் வைத்திருந்தவருக்கு லாபம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த லாபத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதே ராக்கையை மறுபடி நிரப்ப 100க்குப் பதில் 180 வேண்டுமே. கையில் வந்ததும் போய், வட்டிக்கும் வாங்கித்தான் நிரப்பினார்கள். அந்த நேரம் மத்திய வங்கி ஒரே அடியில் வட்டியை 7 வீதப் புள்ளி கூட்டியிருந்தது. வங்கியில் ஓ.டி. (மேலதிகப் பற்று) வைத்திருந்த கடைக்காரர் 20 வீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு பனடோல் விற்றார்.

அப்புறம் 2023 யூனில் அதே மாதிரி 60 மருந்துக்கு 16 வீதம் விலை குறைத்தார்கள். சனத்துக்கு நல்லதுதான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் கடைக்காரருக்கு 15 வீதம் லாபம் நிற்கிற மருந்து ஒன்றை எடுங்கள். 85க்கு வாங்கி 100க்கு விற்பது. 16 வீதம் குறைந்தால் விற்கும் விலை 84. வாங்கியதை விட ஒரு ரூபாய் குறைவு. ராக்கையில் இருந்த பழைய ஸ்டொக்குக்கு யார் பொறுப்பு? சில கொம்பனி வித்தியாசத்தைக் கழித்துக் கொடுத்தது, சில கொம்பனி போனை எடுக்கவில்லை. விலை ஏறும்போது கிடைத்ததைச் சனம் கண்டது, இறங்கும்போது போனதை யாரும் காணவில்லை.

---

ஆரைம்பதியான்

> இறங்கும்போது போனதை யாரும் காணவில்லை

சரி, இது எனக்குத் தெரியாத கணக்கு. ஆனால் அதற்காக மாதாமாதம் எங்கள் தலையில் கட்டலாமா?

---

சம்மாந்துறைக் காக்கா

தங்கச்சி, எனக்குச் சம்மாந்துறையில் கடை. மாமாவின் கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் ஊர்க்கடை எப்படி ஓடுகிறது என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மாதம் 15 லட்சம் விற்கிற கடை என்று வைப்போம். கேட்பவர் வாயைப் பிளப்பார். அதில் கடைக்கு நிற்பது சராசரி 15 வீதம் என்றால் 2,25,000. கவுண்டரில் இரண்டு பிள்ளைகள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000. இரண்டு பேருக்கு 60,000, அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எப்.) 3 என்று 15 வீதம், ஆக 69,000. மருந்தாளர் ஒருவருக்கு 90,000 கொடுத்தால் அதே 15 வீதத்தோடு 1,03,500. வாடகை 30,000. கரண்ட் 15,000. கூட்டிப் பாருங்கள், 2,17,500. மிச்சம் 7,500. இதில் காலாவதி கழிக்கவில்லை, உடைந்த போத்தல் கழிக்கவில்லை, முதலாளி ஒரு பிளேன்ரீ குடித்த காசும் கழிக்கவில்லை.

இப்போது பக்கத்தில் ஒருவர் "5 வீதக் கழிவு" என்று போர்ட் போடுகிறார். நீங்கள் 3 வீதமாவது கொடுக்க வேண்டும். 15 லட்சத்தில் 3 வீதம் 45,000. கடை 37,500 நட்டத்தில்.

அதனால்தான் உங்கள் மாமா ஓடுகிறார். அவர் மருந்தாளர் இல்லை என்று நினைக்கிறேன். வருடா வருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் வேண்டும். நம் பக்கம் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. படித்த பிள்ளைகள் அரசாங்க வேலைக்கு, இல்லாவிட்டால் மத்திய கிழக்குக்குப் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கிடைக்கிற ஒருவருக்குக் கேட்கிற சம்பளத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். உங்களுக்கு அந்த 1,03,500 வெளியே போகாது. கடை உங்களுக்குக் கட்டுப்படியாகும், மாமாவுக்குக் கட்டாது. இரண்டும் ஒரே கடை.

---

மகிழூர்ப்பிள்ளை

காக்கா, சரியாகச் சொன்னீர்கள். மாமா மருந்தாளர் இல்லை. முன்பு இருந்த அண்ணன் கட்டார் போன பிறகு ஒரு அக்காவை வைத்திருக்கிறார், அவருடைய கணவருக்கு இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது, கணவரோடு இவரும் போக வேண்டுமாம். அதுதான் இந்த அவசரம்.

ஆனால் ஒரு சந்தேகம். நான் என் சம்பளத்தை எடுக்காமல் விட்டால் அது லாபமா? இப்போது நகரத்தில் எனக்குச் சம்பளம் வருகிறதே.

---

கணக்குப்பிள்ளை

மகள், இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்குக் கடை நடத்தத் தகுதி இருக்கிறது. இல்லை, அது லாபம் இல்லை. காக்காவின் கணக்கில் வந்த 7,500தான் கடையின் லாபம், மற்றது உங்கள் உழைப்பின் கூலி. சம்பளமும் எடுத்து, மாமாவுக்குத் தவணையும் கட்டி, மிச்சமும் வரவேண்டும் என்றால் 15 வீதத்தை 17 ஆக்க வழி தேட வேண்டும். அல்லது வீணாகப் போகிறதை நிறுத்த வேண்டும்.

வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பகுதிக் கடைக்காரர் பலரின் ஓ.டி. கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். பழைய ரெப் தம்பி சொன்ன விலைகளை இன்னொரு பக்கத்தாலும் பார்க்கலாம். 100, 180 ஆகி, 16 வீதம் குறைந்து 150 அளவில் நின்றது. டொலரும் 200இலிருந்து ஏறி இறங்கி 300 அளவில் நின்றது. அதாவது முன்பு 20 லட்சத்துக்கு நிரம்பிய ராக்கை இப்போது 30 லட்சம் கேட்கிறது. மாத்திரை எண்ணிக்கை ஒன்றும் கூடவில்லை. அந்த 10 லட்சத்தை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று மாமாவைக் கேளுங்கள். நகை அடகா, சீட்டா, வங்கியா, கொம்பனிக் கடனா? கடையின் உண்மைக் கதை அந்தப் பதிலில் இருக்கிறது.

கொம்பனிக்குச் செக் எழுதும் திகதி ஒன்று, கொப்பியில் உள்ளவர் காசு தரும் திகதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற நாட்கள்தான் மாமாவை ஓட வைக்கின்றன.

---

வெல்லாவெளி விவசாயி

கொப்பி என்றதும் எங்களைத்தான் சொல்கிறீர்கள் என்று விளங்கிவிட்டது.

ஓம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள ஆட்கள் கடனுக்கு எடுக்கிறோம். பெரும்போகம் மாசி, பங்குனியில் அறுத்தால்தான் கையில் காசு. சிறுபோகம் எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடைக்காது. பசளைக்குக் கடன், மெசினுக்குக் கடன், அப்புறம் அம்மாவின் இன்சுலினுக்கு மட்டும் எப்படிக் கைக்காசு வரும்? 2025 தொடக்கத்தில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 என்று விலை வைத்தது. அந்த விலைக்குக் கொடுக்க நெல்லைக் காயவைத்து அரசாங்கக் களஞ்சியம் வரை ஏற்றிப் போக முடியாதவன் களத்துமேட்டிலேயே வியாபாரிக்குக் குறைத்துக் கொடுக்கிறான். கடன்காரன் முன்னால் நிற்கும்போது பேரம் பேச முடியுமா?

ஆனால் ஒன்று சொல்லுவேன். எங்கள் ஆட்கள் மருந்துக்கடைக் கடனை ஏமாற்ற மாட்டார்கள். நாளைக்கும் அந்தக் கடைக்குத்தானே போக வேண்டும். பிந்தும், ஆனால் வரும். கழிவுக் கடையில் எங்களுக்குக் கொப்பி இல்லை, அங்கே கைக்காசுதான். அதையும் யோசியுங்கள் பிள்ளை.

---

பழைய ரெப்

> பிந்தும், ஆனால் வரும்

அண்ணே, அந்தப் பிந்துகிற மாதங்களில்தான் எங்கள் செக் திரும்பும். நான் ரெப்பாக இருந்த காலத்தில் பார்த்தது இது. ஒரு முறை செக் திரும்பினால் அந்தக் கடைக்குக் கடன் நிற்கும், இனிக் கைக்காசு மட்டும் என்று கொம்பனியின் தலைமை அலுவலகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். கைக்காசுக்கு எடுக்க முடியாதவர் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ மொத்தக் கடையில் சில்லறையாக எடுப்பார். மொத்தக் கடைக்காரர் தன் பங்கை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார். உச்ச விலை அட்டையில் அடித்திருக்கிறது, மேலே போக முடியாது. ஆக 15 வீதம் 8 ஆகும், 7 ஆகும்.

பெரிய கடைக்கு நாங்கள் கொடுக்கிற போனஸ் வேறு. பத்துப் பெட்டி எடுத்தால் ஒன்றோ இரண்டோ இலவசம். அந்த இலவசப் பெட்டியில் இருந்துதான் "5 வீதக் கழிவு" போர்ட் வருகிறது. ஒரு பெட்டி எடுக்கிற ஊர்க்கடைக்குப் போனஸ் கிடையாது. சிறியவர் நேர்மையாக விற்றாலும் விலை கூடியவராகத் தெரிவார். ஆரைம்பதித் தம்பி அங்கே பத்து ரூபாய் குறைய என்று நகரத்துக்குப் போவதும் இதனால்தான், அவர் மேல் பிழையில்லை.

---

கல்லடி அக்கா

நான் அரச வைத்தியசாலை ஒன்றில் மருந்தாளராக இருக்கிறேன், எந்த வைத்தியசாலை என்று வேண்டாம். எங்கள் பக்கத்தில் நடப்பது உங்கள் கடையை எப்படித் தாக்கும் என்று சொல்கிறேன், இதை யாரும் இன்னும் தொடவில்லை.

கிளினிக்கில் மருந்து இலவசம். அது முழுதாகக் கிடைக்கும் மாதத்தில் வெளிக்கடையில் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மருந்துகளான லொசாட்டன், மெட்போமின், அட்டோவாஸ்டட்டின் போவது குறையும். ஒன்று முடிந்தால் வெளியில் எடுக்கும்படி துண்டு எழுதிக் கொடுப்போம். அன்றைக்கே வாசலில் உள்ள கடைகளில் அது முடியும். கடைக்காரர் அடுத்த வாரம் கூடுதலாக எடுத்து வைப்பார். அதற்குள் எங்களுக்கு வந்துவிடும். அவர் எடுத்து வைத்தது ராக்கையில் தூங்கும். எங்களுக்கு எப்போது வரும் என்று எங்களுக்கே முன்கூட்டித் தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரியது சனலிங் (தனியாகக் காசுக்கு நோயாளி பார்க்கிற) டொக்டர்மார். ஒரு விசேட நிபுணர் மாலையில் உங்கள் கடைக்குப் பக்கத்தில் நோயாளி பார்க்கிறார் என்றால், அவர் எழுதுகிற பிராண்ட் எல்லாம் நீங்கள் வைத்திருக்க வேண்டும். ஒரே மருந்து நான்கு பெயரில். அவருக்கு இடமாற்றம் வந்தால் அடுத்தவர் வேறு பிராண்ட் எழுதுவார். பழைய நான்கு பெயரும் திகதி பார்த்துக்கொண்டு இருக்கும். 2022, 2023இல் டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனபோது இப்படிச் செத்த ஸ்டொக் எத்தனை கடையில்! ஸ்டொக் எண்ணும்போது அந்தச் சாமான்களைத் தனியாக வையுங்கள். ராக்கையில் அழகாக இருக்கும், விலையும் கூட. விற்காது.

மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்க வைத்தபோது சொன்னதே இதுதான். பிராண்ட் பெயருக்குப் பின்னால் ஓடாமல் மருந்தின் பொதுப்பெயரில் வாங்குவோம், எழுதுவோம் என்பது. அதைக் கேட்டிருந்தால் இன்று ஊர்க்கடையின் ராக்கை பாதியாக இருந்திருக்கும். சரி, அந்தக் கதை நீளம்.

---

ஆரைம்பதியான்

அக்கா, பொதுப்பெயர் மருந்து என்றால் அப்பா தொடமாட்டார். தரமில்லாத ஊசிமருந்து விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரையே 2024இல் கைது செய்தார்களே, அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் பயம். விலை கூடினாலும் பழைய பிராண்ட்தான் வேண்டும் என்கிறார்.

---

கல்லடி அக்கா

தம்பி, அது விளங்குகிறது. அந்த விவகாரம் வைத்தியசாலைக் கொள்வனவில் நடந்தது. ஆனால் அதன் விலையை ஊர்க்கடையும் கொடுக்கிறது, உங்கள் அப்பா மாதிரி ஒருவருக்காக ஒரு பிராண்ட் தனியாக வைக்க வேண்டியிருக்கிறதே. அப்பாவிடம் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனத்தின் மருந்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கேயே செய்வது, 1987இலிருந்து இருக்கிற நிறுவனம். மாற்ற முதல் டொக்டரிடம் ஒரு வார்த்தை.

---

நெறியாளர்

ஒருவர் கடைப் பெயர் போட்டு எழுதிய பதிவை எடுத்துவிட்டேன். கழிவு கொடுக்கிற கடையாக இருந்தாலும், பில் தராத கடையாக இருந்தாலும் பெயர் வேண்டாம். விஷயத்தைப் பேசுங்கள்.

---

மகிழூர்ப்பிள்ளை

நேற்று மாமாவோடு இருந்து கொப்பியையும் செக் புத்தகத்தையும் பார்த்தேன். கணக்குப்பிள்ளை ஐயா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். மாமியின் நகையும் ஒரு சீட்டும்தான் அந்த இடைவெளியை நிரப்பியிருக்கின்றன. மாமி அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கொப்பியில் பாதிக்கு மேல் இன்சுலின், சீனி மருந்து, பிரஷர் மருந்து. குழந்தைப் பால்மாவும் இருக்கிறது. சிலருடைய பெயரில் கடைசியாக வரவு வைத்தது 2023இல். வெல்லாவெளி அண்ணா கோபிக்கக் கூடாது, எல்லாம் பிந்தி வருகிறது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் இன்சுலினைக் கொடுக்க மாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது?

இன்னொன்று கவனித்தேன். முன்பு மாத மருந்து எடுத்தவர்கள் இப்போது மூன்று நாளைக்கு, ஐந்து நாளைக்கு என்று எடுக்கிறார்கள். அன்டிபயோட்டிக்கைக்கூடப் பாதி கேட்கிறார்கள். முழுதாக எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற நேரம் ஒன்றுதான், வரும் காசு கால்வாசி.

---

வெல்லாவெளி விவசாயி

கோபம் இல்லை பிள்ளை. 2023இலிருந்து தராதவர் தரமாட்டார், அது கடன் இல்லை. நம் ஊரில் அப்படியானவரை எங்களுக்கே தெரியும். மாமாவுக்குக் கேட்க வெட்கம். நீங்கள் பெயர்களைச் சொல்லாமல் எந்த ஊர் என்று மட்டும் எனக்குத் தனிச் செய்தியில் சொல்லுங்கள். கோயில் கூட்டத்தில் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லுவோம், கடை மூடப் போகிறது என்று. மூடினால் மண்டூர் ஆள் ஒரு இன்சுலினுக்கு ஓடத்திலும் பஸ்ஸிலும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

---

சம்மாந்துறைக் காக்கா

தங்கச்சி, இப்போது நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன்.

கொப்பியை விலைக்கு வாங்காதீர்கள். அது மாமாவின் கடன், மாமாவே வசூலிக்கட்டும். கடைக்கு வருகிறவரிடம் பழைய கடனை வாங்கி மாமாவிடம் கொடுத்தால் அது உதவி, அதற்குமேல் வேண்டாம். புதுக் கொப்பி தொடங்குங்கள். தொடங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நம் மாவட்டத்தில் கொப்பி இல்லாமல் ஊர்க்கடை இல்லை. ஆனால் எல்லை வையுங்கள். நான் செய்வது, உயிர் மருந்து கொப்பியில் போகும், பால்மாவும் டயப்பரும் சம்பூவும் போகாது. அவற்றை நான் காசு கொடுத்து எடுக்கிறேன், கடனுக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னால் சனம் ஏற்கும். ஆளுக்கு ஒரு தொகை, அதற்கு மேல் பழையதில் கொஞ்சம் தந்தால்தான் புதியது. அறுப்பு மாதத்தில் நானே மோட்டார் சைக்கிளில் போய்விடுவேன். பசளைக் கடைக்காரன் களத்துக்கே போகிறான், மருந்துக்கடைக்காரன் மட்டும் கவுண்டரில் இருந்து காத்திருந்தால் கடைசியாகத்தான் கிடைக்கும்.

கழிவுப் போர்ட்டோடு போட்டி போடாதீர்கள். நானும் ஒரு காலம் போட்டேன், எடுத்துவிட்டேன். போர்ட் பார்த்து வந்தவர் பெரிய போர்ட் கண்டதும் போய்விட்டார். இருந்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பதில் கிளினிக் ஆட்களின் துண்டை போனில் படம் எடுத்து வைக்கிறேன். யாருக்கு எப்போது முடியும் என்று தெரியும். அதற்கு முதல் வாரம் எடுக்கிறேன், அதிகம் எடுப்பதில்லை. ராக்கையில் காசு தூங்குவது இதில்தான் குறைந்தது. ஒரு மருந்துக்கு ஒரு பிராண்ட், ஒரு பொதுப்பெயர், அவ்வளவுதான். அதற்கு மேல் யாராவது கேட்டால் "நாளைக்கு வரும் வாப்பா" என்பேன். எங்கள் பக்கம் ஐந்தாறு கடைக்காரர் ஒரு வட்சப் குழுவில் இருக்கிறோம். தேவை என்றால் ஒருவரிடம் இருந்து ஒருவர் பில் போட்டு ஒரு பெட்டி மாற்றிக்கொள்வோம். போட்டிக்காரன்தான், ஆனால் திகதி முடிந்து குப்பையில் போடுவதை விட இது மேல்.

---

கணக்குப்பிள்ளை

காக்காவோடு ஒரு இடத்தில் மட்டும் முரண்படுகிறேன். மாமா வயதானவர், தனியாகக் கொப்பியை வசூலிக்க மாட்டார். அது நடக்காது என்று மாமாவுக்கும் தெரியும், அதனால்தான் விலையில் சேர்த்திருக்கிறார். குடும்பத்துக்குள் முகம் முறிய வேண்டாம். 2025இல் வரவு உள்ள பெயர்களை மட்டும் பாதி மதிப்பில் எடுங்கள், மற்றதை மாமாவின் பெயரிலேயே விடுங்கள், வந்தால் அவருக்கு. எழுதிக் கையொப்பம் வையுங்கள். சொந்தம் என்பதால்தான் எழுத வேண்டும்.

ஸ்டொக்கை அட்டையில் அடித்த விலைக்கு எண்ண விடாதீர்கள். வாங்கிய விலை, அதுவும் கடைசிப் பில்லில் உள்ளது. ஆறு மாதத்துக்குள் திகதி முடிவது வேண்டாம், அதை எந்தக் கொம்பனி திருப்பி எடுக்கும் என்று மாமாவே பேசட்டும். செத்த பிராண்டுகள், கல்லடி அக்கா சொன்னவை, பூச்சியத்தில். மாமாவுக்குத் தவணையை மாதாமாதம் ஒரே தொகையாக வைக்காமல் பங்குனியிலும் ஆவணியிலும் கூட, மற்ற மாதங்களில் குறைய என்று வையுங்கள். காசு வருகிற காலத்தோடு காசு போகிற காலம் ஒத்துப்போனால் ஓ.டி. தேவையே பாதி குறையும். கொம்பனிச் செக்கில் உங்களால் அதைச் செய்ய முடியாது, மாமாவோடு முடியும். வேறு எந்த வங்கியும் உங்களுக்கு அப்படி ஒரு தவணை தராது.

---

ஆரைம்பதியான்

நான் சிரிப்பு வருகிறது என்று எழுதியவன். கணக்குகளை இரண்டு தரம் வாசித்தேன். இன்னும் பில் தராத கடைக்காரர் மேல் கோபம் இருக்கிறது, அது போகாது. தங்கச்சி, நீங்கள் எடுத்தால் ஒன்று செய்யுங்கள், கேட்காமலே பில் கொடுங்கள். அட்டையில் உள்ள விலை, நீங்கள் எடுத்த விலை இரண்டும் அதில் இருந்தால் நான் 10 ரூபாய்க்காக நகரத்துக்குப் போகமாட்டேன். மாத மருந்துக்கு மட்டும் ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்.

---

பழைய ரெப்

முதல் பாதி சரி தம்பி. வாங்கிய விலையைப் பில்லில் போடச் சொன்னால் ஒரு கடைக்காரரும் உங்களை உள்ளே விடமாட்டார்.

---

மகிழூர்ப்பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. மாமா தவணை விஷயத்துக்கு உடனே ஓம் சொல்லிவிட்டார், கொப்பி விஷயத்துக்கு முகம் கறுத்தது. மாமிதான் நடுவில் வந்து, கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன மாதிரியே முடித்து வைத்தார். ஏப்ரல் புதுவருடத்துக்குப் பிறகு ஸ்டொக் எண்ணப் போகிறோம். இப்போதைய வேலையில் அறிவித்தலும் கொடுத்துவிட்டேன். பில் கொடுப்பேன் ஆரைம்பதி அண்ணா, நகரத்தில் கொடுத்துப் பழகியதுதான்.

கடைசியாக ஒரு கேள்வி. இன்சுலின் வைக்கிற பிரிட்ஜ் மாமா வீட்டுப் பழையது. மாரியில் கரண்ட் போனால் ஐஸ் பெட்டியில் வைத்துச் சமாளித்ததாகச் சொல்கிறார். இதற்கு இப்போதே காசு போட வேண்டுமா, ஒரு போகம் பொறுக்கலாமா?

---

சம்மாந்துறைக் காக்கா

பொறுக்க வேண்டாம். இன்சுலின் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் நடுவில் இருக்க வேண்டும், உறைந்தாலும் பழுது. வீட்டுப் பழைய பிரிட்ஜில் பின்சுவரோடு ஒட்டியது உறைந்திருக்கும், வெளியில் பார்த்தால் தெரியாது. அதை ஒருவர் ஊசி போட்டு வேலை செய்யவில்லை என்றால் கடைப் பெயர் போய்விடும், ஆளுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உணவு மருந்துப் பரிசோதகர் வந்தால் முதலில் கேட்பதும் வெப்பநிலைக் கொப்பிதான்.

கண்ணாடிக் கதவு போட்ட மருந்துப் பிரிட்ஜ் புதிதாக வாங்கப் பெரிய காசு. கல்முனையில் ஒருவர் கடையைச் சுருக்குகிறார், அவரிடம் நல்லது ஒன்று நிற்கிறது, விலை கேட்டுச் சொல்கிறேன். இன்வேர்ட்டர் ஒன்று கட்டாயம். வெப்பமானி இரண்டு வாங்குங்கள், ஒன்று பொய் சொல்லும். ஸ்டொக் எண்ணும் நாளை வெள்ளிக்கிழமையில் வைக்காவிட்டால் நானும் மகனும் வருவோம். திகதி பார்ப்பதில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.